பனியன் கணக்கில் வெட்டிய பட்டு

செப்டம்பர் 4, வியாழன்

இந்த டைரி பட்டன் கம்பெனிக்காரர் பொங்கலுக்கு எங்கள் சூப்பர்வைசருக்குக் கொடுத்தது. அவர் தனக்கு இரண்டு வந்துவிட்டது என்று என்னிடம் தள்ளிவிட்டார். எட்டு மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு சங்கதி கிடைத்திருக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். பதினாறு வருடம், திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனி, ஒரே லைன். டி-சர்ட்டுக்குக் காலர் வைப்பது என் வேலை. கை வைப்பவள் வேறு, பக்கம் மூட்டுபவள் வேறு, பட்டன் வைப்பவள் வேறு. காலர் என்றால் துளசிமணி. மணிக்கு அறுபது பீஸ் முடித்துவிட்டு நடுவில் டீயும் குடித்திருக்கிறேன். இதை நானே எழுதிக்கொள்வது தற்பெருமைதான், ஆனால் டைரியை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

ஏன் விடுகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சொந்தமாகத் தையல் கடை வைக்கப்போகிறேன், சொந்தக் காலில் நிற்க ஆசை என்றேன். அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

மேனேஜர் நல்ல மனுஷர். டிசம்பர் ஒன்றாம் தேதி புது ஆர்டர் ஓட ஆரம்பிக்கிறது, அதுவரைக்கும் உங்கள் இடம் அப்படியே இருக்கும், அதற்குப் பிறகு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். எந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினொரு வருடமாகப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து கை வைத்துக்கொண்டிருக்கும் ஜெரினா மட்டும் அழுதாள். அவள் எதற்கெடுத்தாலும் அழுவாள்.

செப்டம்பர் 8, திங்கள்

பாண்டியன் நகரில் மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடை. முன்னால் செல்போன் கடையாக இருந்ததாம். வெளிச்சம் போதவில்லை. டியூப்லைட் புதுசு என்று கடைச் சொந்தக்காரர் சாதிக்கிறார், நான் நம்பவில்லை.

போர்டை வீட்டுக்காரர் எழுதி வாங்கி வந்தார். (பெயரை எழுதினால் தப்பில்லை: நாச்சிமுத்து. சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள்.) ‘துளசி லேடீஸ் டெய்லர். 16 வருட அனுபவம்.’ அனுபவம் எதில் என்று போர்டில் இல்லை. பதினாறு வருடம் என்பது பொய்யும் இல்லை.

கம்பெனியில் மணிக்கு மணி எத்தனை பீஸ் என்று கரும்பலகையில் எழுதுவார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை.

9 முதல் 10: பூஜை.
10 முதல் 11: மில்லுக்கு வந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.
11 முதல் 1: இல்லை.
2 முதல் 5: இல்லை.
5 முதல் 6: ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாடாகூட இல்லை.

செப்டம்பர் 17, புதன்

புடவைக்கு ஓரம் அடிக்க மூன்று, நைட்டி இரண்டு, பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் ஒன்று. எல்லாம் நேர்த்தையல். நேராகத் தைப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

ஜாக்கெட் கேட்டு ஒருத்தி வந்தாள். இந்த வாரம் கைநிறைய வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். கையில் ஒரு வேலையும் இல்லை. உண்மை என்னவென்றால் நான் இதுவரை ஒரு துணியை வெட்டி, மூட்டி, கொக்கி வைத்து முழுசாக முடித்ததே இல்லை. பதினாறு வருடமும் என் கைக்கு வரும்போது சட்டை பாதி ஆகியிருக்கும், என் கையை விட்டுப் போகும்போது முக்கால் ஆகியிருக்கும். இது டைரிக்கு மட்டும்.

வீட்டில் பழைய வேட்டியில் பழகுகிறேன். உடம்பு சரியாக வந்துவிட்டது. கை வைக்கும் இடம் சுருங்குகிறது. ஜெரினாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கையை இழுக்கக் கூடாது, அது தானாக வரும் என்கிறாள். எனக்கு மட்டும் வர மறுக்கிறது.

செப்டம்பர் 27, சனி

இப்போதெல்லாம் ஊசியின் காதை ரொம்பச் சின்னதாகச் செய்கிறார்கள். மூன்று கடையில் மாற்றி வாங்கிப் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால் ஒரு அதிசயம். காலையில் டப்பாவைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு ஊசியில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் நானே செய்து வைத்து மறந்திருப்பேன். வேலைப் பழக்கம் அப்படி.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். ஊரே தைக்கக் கொடுக்கிறது, எனக்கு இல்லை. பெண்கள் புருஷனிடம்கூடச் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவார்கள், டெய்லரை மாற்ற மாட்டார்கள்.

வீட்டுக்காரர் கடையில் எல்.இ.டி. லைட் மாட்டிக் கொடுத்தார். பரவாயில்லை, ஆனாலும் போதவில்லை. இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று ஒரு நோட்டீஸை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கெட்டிக் காகிதம். கைக்கு அளவு மாதிரி வெட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நானே வெட்டித் தைத்த முதல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பரணில் இருந்த பலகாரத் தட்டை எடுக்கப் போய் அப்படியே நின்றேன். வீட்டுக்காரர் வந்து எடுத்துக் கொடுத்தார். சிரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆர்டர். ஏழு ஜாக்கெட்!

வந்தவர் கருணாம்பிகை அக்கா. மூன்றாவது வீதி, பால் சொசைட்டியில் செகரட்டரி. பாலில் தண்ணீர் இருந்தால் கேனைத் தொட்டே சொல்லிவிடுவார் என்று மில்லில் பேசிக்கொள்வார்கள். அவர் தங்கை மகளுக்கு நவம்பர் முப்பது கல்யாணம். பெண் வீட்டுப் பெண்கள் ஏழு பேரும் ஒரே மாதிரி அரக்குப் பட்டு எடுத்திருக்கிறார்கள். வழக்கமாகத் தைக்கும் டெய்லர் வண்டியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். அக்கா என் போர்டைப் படித்துவிட்டு, பதினாறு வருசம்னா தப்பா போகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையை இறக்கினார். ஏழு அளவு ஜாக்கெட்டும் உள்ளே இருந்தன.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் சரிங்க என்று சொல்லிவிட்டது. டிசம்பர் ஒன்றுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இது சரியாக வந்தால் நான் டெய்லர். வராவிட்டால் மறுபடி ஆள் ஏற்ற வரும் கம்பெனி வேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றைக்கு இருந்த சந்தோஷம் கடை திறந்ததிலிருந்து ஒரு நாளும் இல்லை.

ஏழு துணியும் ஒரே நிறம், ஒரே அகலம். ஆர்டர் என்றால் இதுதான் ஆர்டர். அளவு ஜாக்கெட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். மூன்று எம், மூன்று எல், ஒன்று எக்ஸெல். கொஞ்சம் முன்னே பின்னே இருந்ததை நடுவில் வைத்துக்கொண்டேன், கம்பெனியில் அப்படித்தான். சைஸ் வாரியாகத் துணியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கிளிப் போட்டு, கத்தரிக்கோலை வைத்தேன். கட்டிங் மாஸ்டர் பார்த்திருந்தால் சம்பளம் கூட்டியிருப்பார்.

மற்ற டெய்லர்கள் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணியை மடித்து விட்டிருக்கிறார்கள். அளவு ஜாக்கெட் ஏழிலும் அப்படி. உள்ளே புரட்டினால் மூட்டை கட்டினது போல இருக்கிறது. வேலை தெரியாதவர்கள். நான் அரை விரலுக்கும் குறைவாக விட்டு, பிசிறு வராமல் ஓரத்தைப் பின்னி ஓவர்லாக் அடித்தேன். உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட அழகாக இருக்கிறது.

சாயங்காலம் தரையைக் கூட்டி, வெட்டு விழுந்த துணியையெல்லாம் சாக்கில் போட்டு, கட்டிங் வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுத்தேன். மேசை சுத்தமாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

நவம்பர் 16, ஞாயிறு

முதலில் பதினான்கு கையையும் முடித்தேன். அப்புறம் ஏழு முன்பக்கம், ஏழு பின்பக்கம். கை வைக்க மட்டும் ஜெரினாவைக் கூப்பிட்டேன், லீவு நாள் என்று வந்தாள். பட்டுல எனக்குப் பழக்கமில்ல அக்கா என்று முணுமுணுத்தபடியே பதினான்கையும் வைத்துவிட்டாள்.

நவம்பர் 20, வியாழன்

இஸ்திரி போட்டு, மடித்து, ஒவ்வொன்றையும் கவரில் போட்டுக் கொடுத்தாயிற்று. கம்பெனிக் கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன். டார்கெட்: 7. முடித்தது: 7.

நவம்பர் 21, வெள்ளி

அக்கா பதினொரு மணிக்கு வந்து பையை மெஷின் மேல் வைத்தார்.

ஏழில் ஐந்து பத்தவில்லை. ஒருத்திக்குக் கொக்கியே எட்டவில்லை. ஒருத்தி மாட்டிவிட்டாள், கையை இறக்க முடியவில்லை. கல்யாணப் பெண்ணின் சித்தி கை வளைத்ததும் பக்கத்தில் பட்டு நூல் பிரிந்துவிட்டது. அக்காவுடையதும், அவர் நாத்தனாருடையதும் மட்டும் சரி.

“உள்ள ரெண்டு விரலு உட்டுத்தான தெச்சிருப்ப? பிரிச்சு உடு அம்மணி. அவ்வளவுதான” என்றார்.

சரிங்க, விட்டுத் தந்துவிடுகிறேன் என்றேன்.

அவர் போன பிறகு ஒன்றை எடுத்து உள்ளே புரட்டினேன். என் ஓவர்லாக் தையல் அவ்வளவு அழகாக இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. எதை விடுவது?

பனியன் துணி இழுத்தால் வரும். எம் சைஸ் சட்டைக்குள் குண்டு ஆள் நுழைந்தாலும் துணி அவனுக்கு இடம் கொடுத்துவிடும். அதனால்தான் நாங்கள் உள்ளே விடுவதில்லை, துணி மிச்சம் பிடித்தால் கம்பெனிக்கு லாபம். பட்டு இழுபடாது, பிரியும். இது சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

துணி புடவையோடு வந்தது, கடையில் போய் வாங்க முடியாது. வேஸ்ட் கடைக்கு ஓடினேன். அந்தச் சாக்கு எல்லாம் அழுத்திக் கட்டுப் போட்டு லாரியில் போய்விட்டதாம்.

வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை.

நவம்பர் 22, சனி

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, “அவியகிட்டப் போயி சொல்லீறு துளசி” என்றார். நான் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அக்கா வீட்டு வாசல் வரைக்கும் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டு, திரும்பி வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அதனால் காலையில் இரண்டு லோடு கைவிட்டுப் போயிற்று.

அக்கா வீட்டில் பால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒன்றை எடுத்து உள்பக்கத்தைக் காட்டி, விட்டுத் தர இதில் ஒன்றும் இல்லை, நேற்று உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் விரலால் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார்.

“கம்பெனில என்ன தெச்சுட்டு இருந்த?”

“காலருங்க.”

“காலரு மட்டுந்தானா?”

“பதினாறு வருசமும் காலரு மட்டுந்தானுங்க.”

“முழுசா ஒரு ஜாக்கெட்டு இதுக்கு முந்தி தெச்சிருக்கறயா?”

“எனக்கொண்ணு தெச்சனுங்க. அதுல கை தூக்க முடியலீங்க.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். போலீசுக்குப் போன் போடுகிறாரோ என்றுகூட ஓடியது மனசு. தன்னுடைய ஜாக்கெட்டோடு திரும்பி வந்தார். ஏழில் சரியாக வந்த இரண்டில் ஒன்று, பெரிய அளவு.

“இதப் பிரிச்சு மத்த அஞ்சுக்கும் கக்கத்துல பட்டை வெச்சுக் குடு. பத்துமா?”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆளுக்கு இரண்டு பட்டை, பத்துப் பட்டை. பத்தும். ஆனால் கல்யாணத்தில் ஏழு பேரில் அவர் மட்டும் தனி. அதைச் சொன்னேன்.

“கண்ணாலம் அந்தப் புள்ளைக்கு. என்ற முதுக எவன் பாக்கறான்” என்றார். பால் கணக்கு நோட்டைத் திரும்ப எடுத்தபடி, “வியாழக்கெழமக்குள்ள வரலீன்னா உன்ற போர்டை நானே வந்து கழட்டுவன்” என்றார். அதையும் செய்யக்கூடிய ஆள்தான்.

கிளம்பும்போது என்னிடமிருந்த இன்ச் டேப்பை வாங்கி, ஓர் இடத்தில் விரலை வைத்து நீட்டி, இது எத்தனை என்று கேட்டார். நான் டேப்பைத் தள்ளிப் பிடித்துப் படித்தேன். அவர் டேப்பைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஜெரினா வந்தாள். அக்காவின் ஜாக்கெட்டைப் பிரித்தோம். அரக்குத் துணியில் அரக்கு நூல். தையல் எது துணி எது என்று தெரியாமல் பிளேடை வைத்தேன். பின்பக்கம் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்துவிட்டது. பத்துப் பட்டைக்கு அளந்து வைத்திருந்த துணி.

நூலைக் குறை சொன்னேன். லைட்டைக் குறை சொன்னேன். ஜெரினா பிளேடை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அங்கயும் இப்படித்தான அக்கா ஆச்சு” என்றாள். அழவில்லை. அவள் அழாமல் பேசியதால்தான் எனக்குச் சுருக்கென்றது.

எழுதிவிடுகிறேன். ஜூலையில் நான் வைத்த காலர் இருநூறுக்கு மேல் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. தையல் கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் பிசிறு வெட்டும் மேசையில் உட்காருங்கள் என்றார். புதிதாக வருகிற பிள்ளைகளை முதல் நாள் உட்கார வைக்கும் இடம் அது. டிசம்பர் ஒன்று வரை எனக்காக வைத்திருப்பதாக அவர் சொன்ன இடமும் அதுதான். நான் சொந்தக் காலில் நிற்க ஆசைப்பட்டு வெளியே வரவில்லை. அவமானம் தாங்காமல் வந்தேன்.

கிழிசலைச் சுற்றித் துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, ஜெரினா எப்படியோ பத்துப் பட்டை வெட்டிவிட்டாள். ஒரு பட்டையில் மட்டும் ஒட்டு வரும்.

நவம்பர் 24, திங்கள்

கண்ணாடி.

வீட்டுக்காரரிடம் கேட்டதும், எங்கே, என்ன என்று கேட்காமல் ஆட்டோவை எடுத்தார். கண்ணாடிக் கடைக்காரருக்கு அவரை ஏற்கெனவே தெரிந்திருந்தது. தீபாவளிக்கு முன்பே வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்புறம்தான் ஊசி நினைவுக்கு வந்தது. நீங்கள்தானா என்று கேட்டேன்.

“நீ குளிச்சுட்டு வர்ற வரைக்கும் சும்மாதான இருக்கறன்.”

“வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க?”

“சொன்னா நீ கேக்கற ஆளா?”

கேட்கிற ஆள் இல்லைதான். ரோட்டிலேயே அழுதுவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அழுவது சிரமமாக இருக்கிறது, நனைந்துவிடுகிறது.

கடைக்கு வந்து லைட்டைப் போட்டேன். போதும் போதும் என்கிற அளவுக்கு வெளிச்சம். கடைச் சொந்தக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

அளவு ஜாக்கெட்டை நம்பாமல் ஐந்து பேர் வீட்டுக்கும் டேப்போடு போனேன். ஆட்கள் எம், எல் என்று பிறப்பதில்லை. ஒருத்திக்கு வலது தோள் இறக்கம், இருபது வருடம் தறியில் நின்ற உடம்பு. கல்யாணப் பெண்ணின் தங்கைக்கு மூச்சு இழுத்தால் ஓர் அளவு, விட்டால் ஓர் அளவு, இழுத்துக்கொண்டே நிற்பாள் போலிருக்கிறது. சித்தி கைக்குழந்தைக்காரி. காலையில் ஓர் அளவு, பால் கொடுத்த பிறகு வேறு அளவு. அந்த இரண்டு விரல் துணி எதற்கு என்று இப்போது தெரிகிறது. அது இன்றைக்கான துணி இல்லை. அடுத்த வருடத்து உடம்புக்கு விட்டு வைப்பது.

வேலை தெரியாதவர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நவம்பர் 26, புதன்

ஒவ்வொன்றாகத்தான் தைக்கிறேன். ஒருத்தியுடையதைப் பிரித்து, பட்டை வைத்து, கை வைத்து, கொக்கி வரை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறேன். நேரம் எடுக்கிறது. மூன்று முடிந்தது. மூன்றாவதில் கை வைத்த இடம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்தது. இழுக்கவில்லை, தானாக வந்தது. ஜெரினாவுக்குப் போட்டோ அனுப்பினேன்.

நவம்பர் 27, வியாழன்

ஐந்தையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லி நின்றேன். எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். தறிக்கார அக்கா இரண்டு முறை தூக்கினார், ஒரு முறை சந்தேகத்துக்கு. சித்தி குழந்தையை வாரி இடுப்பில் வைத்துப் பார்த்தாள். ஒட்டுப் போட்ட பட்டை அவளுக்குத்தான் போயிருக்கிறது, இடது கக்கத்தில். நான் சொல்லும் வரை அவளுக்கே தெரியவில்லை.

கருணாம்பிகை அக்கா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு வா என்றார். பத்திரிகை தரவில்லை.

நவம்பர் 29, சனி

கடையில் வேறு வேலை இல்லை. மார்கழி வந்தால் கல்யாணமும் இல்லை. வீட்டுக்காரரிடம் திங்கட்கிழமை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். இந்த மனுஷரிடம் கேட்டது என் தப்பு.

நவம்பர் 30, ஞாயிறு

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேளம், சொந்தக்காரர்கள், பந்திக்கு இடம் பிடிக்க ஓட்டம் எல்லாம் வழக்கம் போலத்தான். நான் பார்த்தது ஆறு அரக்கு முதுகுகளைத்தான். ஏழாவது ஆளாகக் கருணாம்பிகை அக்கா, அதே புடவைக்குப் பழைய பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிந்தார். யாராவது கேட்டால் எனக்கு அரக்கு ஜாக்கெட் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

தாலி கட்டும்போது அட்சதை போட எல்லாக் கையும் ஒரே சமயத்தில் மேலே போனது. மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நான் ஐந்து கக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நூல் விடவில்லை. அதற்குள் தறிக்கார அக்கா பக்கத்தில் இருந்த யாரிடமோ என்னைக் கை காட்டி ஏதோ சொன்னார். நல்லதாகத்தான் இருக்கும்.

பதினாறு வருடத்தில் எத்தனை லட்சம் காலர் வைத்திருப்பேன். கப்பலில் போய்விடும். அதில் ஒரு கழுத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நல்லா இருக்கிறதா, உறுத்துகிறதா என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்றைக்கு ஐந்து பேர் என் தையலுக்குள் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், குழந்தையைத் தூக்கினார்கள். பந்தியில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நாளைக்குத் திங்கட்கிழமை.

டிசம்பர் 1, திங்கள்

கடையோ கம்பெனியோ, சாப்பாட்டுப் போசி எப்படியும் வேண்டும் என்று கட்டிக்கொண்டேன். எட்டு மணிக்குக் கம்பெனி வேன் மில் முனையில் நின்று ஹாரன் அடித்தது. நான் ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றேன். வேன் போன பிறகு மீதியைத் தூக்கினேன். சரிதானா என்று அப்போது தெரியவில்லை.

ஒன்பது மணிக்குக் கருணாம்பிகை அக்கா வந்தார். சொசைட்டிக்குப் போகிற வழி. பையிலிருந்து மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுத் துணியை எடுத்து மேசையில் வைத்தார். அளவு ஜாக்கெட் எங்கே என்றேன்.

“அதெல்லாம் கொண்டாரல. ஆளே வந்துருக்கறன். அளந்துக்கோ.”

கையை விரித்து நிற்கச் சொல்லிவிட்டு டேப்பைச் சுற்றியபோது போன் அடித்தது. மேனேஜர். ஜெரினா எல்லாம் சொன்னாளாம். கண்ணாடி போட்டுக்கொண்டதில் ரொம்பச் சந்தோஷம், பிசிறு மேசையெல்லாம் வேண்டாம், பழையபடி உங்கள் காலர் மெஷினிலேயே வந்து உட்காருங்கள், மத்தியானத்துக்குள் வந்தால்கூடப் போதும் என்றார்.

ஆகஸ்டிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. வேறு எதற்காகவும் அப்படி ஏங்கியதில்லை. கண்ணாடிக்குள் டேப்பின் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. முப்பத்தெட்டரை. மறந்துவிடக் கூடாது.

“இல்லீங்க சார்” என்றேன். “இங்க ஆளு நிக்கறாங்க. அளவு எடுத்துட்டு இருக்கறனுங்க.”

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

“பேசி முடிச்சாச்சா அம்மணி?” என்றார் அக்கா, விரித்த கையை இறக்காமல். “எனக்குக் கை வலிக்குது.”

இன்னும் ஒரே ஓர் அளவுதான் என்று சொல்லி, டேப்பைத் தோளுக்குக் கொண்டுபோனேன்.